சாணக்கியருக்கு ஓர் ஆசனமும் இல்லை

2025ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி பீகார் சட்டமன்றத் தேர்தலின் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டபோது, பிரசாந்த் கிஷோரின் ஜன் சுராஜ் கட்சிக்கு ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை. மொத்தத் தொகுதிகள் 243. அவற்றுள் 238இல் அக்கட்சி வேட்பாளர்களை நிறுத்தியிருந்தது. கிடைத்த வாக்குகள் நான்கு வீதத்தையும் எட்டவில்லை. வேட்பாளர்களுள் மிகப் பெரும்பாலானோர் கட்டுப்பணத்தை இழந்தனர். பத்து ஆண்டுகளாக இந்தியாவின் பிரதமரையும் முதலமைச்சர்களையும் ‘உருவாக்கியவர்’ என்று ஊடகங்கள் போற்றிய மனிதரால் தமக்கென்று ஒரு சட்டமன்ற உறுப்பினரை உருவாக்க முடியவில்லை.

மறுநாள் வெளிவந்த கட்டுரைகள் எல்லாம் இந்த வீழ்ச்சியைப் பற்றியே பேசின. சாணக்கியர் சறுக்கிவிட்டார் என்றார்கள். வித்தை பலிக்கவில்லை என்றார்கள். எனக்கு அதில் வியப்பு எதுவுமில்லை. ஒருவர் தோற்ற நாளில் எக்காளமிடுவது பத்திரிகைத் தொழிலுக்கு அழகும் அன்று. நான் கேட்க விரும்புவது வேறு. அவர் வென்றதாகச் சொல்லப்பட்ட காலத்தில் உண்மையில் வென்றவர்கள் யார்? அந்த வெற்றிகளுக்காக இந்தியக் கட்சிகள் எதை விலையாகக் கொடுத்தன? தமிழ்நாட்டின் பழம்பெரும் கட்சியொன்றும் அந்த விலையைக் கொடுத்தவற்றுள் அடங்கும். ஆகவே இதனை வடநாட்டு விவகாரம் என்று தமிழ் வாசகர்கள் தள்ளிவிட முடியாது.

முதலில் அவரது பாதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். பீகாரைச் சேர்ந்த கிஷோர் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் சுகாதாரத் திட்டங்களில் ஆபிரிக்காவில் பணியாற்றியவர். 2011 அளவில் அப்பணியை விட்டு, அப்போது குஜராத் முதலமைச்சராக இருந்த நரேந்திர மோடியிடம் வந்து சேர்ந்தார். 2012இல் குஜராத்தில் பாரதீய ஜனதாக் கட்சி 182 ஆசனங்களில் 115ஐ வென்றது. 2014இல் 543இல் 282 ஆசனங்களைப் பெற்று மோடி பிரதமரானார். தேநீர்க்கடைகளில் மக்களோடு காணொளி உரையாடல், ஒரே நேரத்தில் பல ஊர்களில் தலைவரின் முப்பரிமாண ஒளியுருவம் தோன்றும் கூட்டங்கள் என அந்தத் தேர்தலில் பேசப்பட்ட புதுமைகள் பலவற்றின் பின்னால் கிஷோரும் அவர் திரட்டிய இளம் பட்டதாரிகளும் இருந்தனர். அந்தக் குழுவிலிருந்துதான் ‘ஐ-பேக்’ என்னும் நிறுவனம் பிறந்தது. அதன் பின்னர் பீகாரில் நிதிஷ்குமார், பஞ்சாபில் அமரிந்தர் சிங், உத்தரப் பிரதேசத்தில் காங்கிரஸ், ஆந்திராவில் ஜெகன்மோகன் ரெட்டி, டில்லியில் அரவிந்த் கெஜ்ரிவால், மேற்கு வங்காளத்தில் மம்தா பானர்ஜி, தமிழ்நாட்டில் மு.க. ஸ்டாலின் என வாடிக்கையாளர் பட்டியல் நீண்டது.

இந்தத் தொழில் இந்தியாவில் தோன்றியதன்று. 1933இல் கலிபோர்னியாவில் கிளெம் விட்டேக்கர், லியோன் பக்ஸ்டர் என்னும் இருவர் தொடங்கிய நிறுவனமே அரசியல் பிரசாரத்தை முழுநேர வணிகமாக்கிய முதல் நிறுவனம் எனப்படுகிறது. 1942இல் ஏர்ல் வாரன் ஆளுநராவதற்கு இவர்களே பிரசாரம் நடத்தினர். அதே வாரன் 1945இல் மாநில மக்கள் அனைவருக்கும் கட்டாய மருத்துவக் காப்புறுதித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, மருத்துவர் சங்கத்திடம் பணம் பெற்று அந்தத் திட்டத்தைத் தோற்கடித்தவர்களும் இவர்களே. ஆகவே நேற்று ஏற்றியவரை இன்று இறக்குவது இத்தொழிலில் நேர்ந்த பிற்காலச் சீரழிவு என்று எவரும் கருத வேண்டியதில்லை. தொழில் பிறந்தபோதே அதுவும் கூடப் பிறந்தது.

இனி அந்த வெற்றிக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

2015இல் பீகாரில் நிதிஷ்குமார், லாலு பிரசாத் யாதவ், காங்கிரஸ் ஆகியோரின் கூட்டணி 243இல் 178 ஆசனங்களைப் பெற்றது. இது கிஷோரின் கைவண்ணம் என்று எழுதப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் இதே கட்சிகள் பிரிந்து நின்று பெற்ற வாக்குகளைக் கூட்டிப் பார்த்தாலே பா.ஜ.க. அணி பெற்றதைவிட அதிகம். இருபது ஆண்டுப் பகையை மறந்து லாலுவும் நிதிஷும் ஒரே மேடையில் ஏறிய அன்றே அத்தேர்தலின் போக்கு பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. 2017இல் பஞ்சாபில் காங்கிரஸ் 117இல் 77ஐ வென்றது. பத்து ஆண்டுகள் ஆட்சியிலிருந்த அகாலி தளத்தின் மீது, போதைப்பொருளால் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் கொண்டிருந்த கோபத்தை எந்த நிறுவனமும் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை. 2019இல் ஆந்திராவில் ஜெகன்மோகன் ரெட்டி 175இல் 151ஐ வென்றார். அதற்கு முன் அவர் 341 நாட்களில் 3,600 கிலோமீற்றருக்கு மேல் நடந்திருந்தார். நடந்த கால்கள் அவருடையவை. 2020இல் டில்லியில் கெஜ்ரிவாலுக்கு 70இல் 62 கிடைத்தது. கிஷோர் இல்லாத 2015இல் அவருக்கு 67 கிடைத்திருந்தது.

தமிழ்நாட்டுக் கணக்கு இவற்றைவிடத் தெளிவானது. ஸ்டாலின் ஐ-பேக் நிறுவனத்துடன் உடன்பாடு கண்டதை 2020 பெப்ரவரியில் ருவிட்டரில் அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த நாடாளுமன்றத் தேர்தலிலேயே தி.மு.க. அணி தமிழ்நாட்டின் 39 ஆசனங்களில் 38ஐக் கைப்பற்றியிருந்தது. ஜெயலலிதா மறைந்த பின் அ.தி.மு.க. அடைந்திருந்த நிலை அனைவரும் அறிந்தது. 2021இல் தி.மு.க. தனித்து 133, அணியாக 159 ஆசனங்களைப் பெற்று ஆட்சி அமைத்தது. பெருக்கெடுத்து ஓடும் ஆற்றில் கடைசி வளைவில் ஏறிக்கொண்டவர் படகை நானே செலுத்தினேன் என்றால் அதை நாம் நம்ப வேண்டுமா?

தோல்விகளோ இந்தப் பட்டியலில் சேர்க்கப்படுவதே இல்லை. 2016இல் உத்தரப் பிரதேசத்தில் காங்கிரசுக்காக இவர் வகுத்த திட்டத்தில் விவசாயிகளைக் கயிற்றுக் கட்டில்களில் அமர்த்திக் கலந்துரையாடும் கூட்டங்கள் இடம்பெற்றன. தேவரியா மாவட்டத்தில் ராகுல் காந்தி பேசி முடித்துப் புறப்பட்டதும் மக்கள் கட்டில்களைத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டு போயினர். ஏழை விவசாயி அக்கூட்டத்தில் தனக்குப் பயன்படும் பொருள் எது என்பதைச் சரியாகவே கணித்தான் என்பேன். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘27 ஆண்டுகளாக உத்தரப் பிரதேசம் சீரழிந்தது’ என்பதே அப்பிரசாரத்தின் முழக்கம். சில மாதங்களில் காங்கிரஸ் கூட்டுச் சேர்ந்ததோ அந்த 27 ஆண்டுகளில் கணிசமான பகுதியை ஆண்ட, அப்போதும் ஆண்டுகொண்டிருந்த சமாஜ்வாதிக் கட்சியுடன். முழக்கத்தைச் சத்தமின்றிச் சுருட்டி வைத்தார்கள். 403 ஆசனங்கள் கொண்ட அம்மாநிலத்தில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 7.

ஐ-பேக் நிறுவனத்தின் வழிமுறைக்குத் தனி ஆற்றல் உண்டு என்று இன்னும் நம்புவோர் ஆந்திராவை மீண்டும் ஒருமுறை பார்க்கட்டும். 2024இல் கிஷோர் அந்நிறுவனத்தில் இல்லை. ஆனால் அதே நிறுவனம் அதே ஜெகனுக்காக மீண்டும் பணியாற்றியது. 151ஆக இருந்த ஆசனங்கள் 11ஆகின. ஐந்தாண்டு ஆட்சியை மக்கள் எடைபோட்டபோது நிறுவனத்தின் தராசுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021இல் மேற்கு வங்காளத்தில் இவரது பங்கு மெய்யானது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் 42இல் 18 ஆசனங்களை பா.ஜ.க. பறித்துக்கொண்ட பின்னர்தான் மம்தா இவரை அழைத்தார். மக்கள் நேரே முறையிடுவதற்கான தொலைபேசி இலக்கம், அரசாங்கச் சேவைகளை வாசலுக்கே கொண்டுவரும் முகாம்கள், மம்தாவை வங்கத்தின் சொந்த மகளாக நிறுத்திய முழக்கம் ஆகியன கட்சியின் மீதிருந்த கோபத்தைத் தணித்தன. திரிணாமுல் 213 ஆசனங்களைப் பெற்றது; பா.ஜ.க. 77உடன் நின்றது. ஆனால் அந்த முகாம்கள் ஏன் தேவைப்பட்டன? உள்ளூர்க் கட்சிக்காரரிடம் போனால் எதுவும் நடவாது, நடந்தாலும் கையூட்டு வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. நோய் அங்கே இருந்தது. கட்சியைத் திருத்துவதற்குப் பதிலாகக் கட்சியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை அமைத்துக் கொடுத்தார்கள்.

இங்கிருந்துதான் எனது முதன்மையான குற்றச்சாட்டு தொடங்குகிறது. இந்நிறுவனங்கள் கட்சிகளுக்கு வெற்றி தேடித் தருகின்றனவோ இல்லையோ, கட்சிகளின் சிந்திக்கும் பழக்கத்தை நிச்சயமாக எடுத்துக்கொள்கின்றன.

வாக்குறுதிகளைப் பாருங்கள். 2015இல் பீகாரில் நிதிஷின் ‘ஏழு உறுதிகள்’. 2017இல் பஞ்சாபில் கேப்டனின் ‘ஒன்பது அம்சங்கள்’. 2019இல் ஆந்திராவில் ஜெகனின் ‘நவரத்தினங்கள்’. 2021 மார்ச் மாதத்தில் மேற்கு வங்காளத்தில் மம்தாவின் ‘பத்து உறுதிமொழிகள்’. அதே மாதம் திருச்சியில் ஸ்டாலினின் ‘ஏழு உறுதிமொழிகள்’. மொழி வேறு, மண் வேறு, வரலாறு வேறு. அச்சு மட்டும் ஒன்று. மோடிக்குத் தேநீர் உரையாடல் என்றால் பஞ்சாப் கேப்டனுக்குக் கோப்பி உரையாடல். பானத்தை மாற்றினால் போதும் என்று எண்ணியிருப்பார்கள் போலும்.

இதனைத் தி.மு.க.வின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கையில்தான் இழப்பின் அளவு புரியும். படிப்பகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் தேநீர்க்கடைகளிலும் வளர்ந்த கட்சி அது. ஊருக்கு நான்கு பேச்சாளரையும் இரண்டு கையெழுத்துப் பத்திரிகைகளையும் பெற்றெடுத்த இயக்கம். 1967இல் அரிசித் தட்டுப்பாட்டின் நடுவே ‘ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று அண்ணா சொன்னார். அந்த வாக்குறுதியை முழுமையாக நிறைவேற்ற முடியாதபோது அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவரும் அவரது தோழர்களுமே. கடலுக்கு இப்பால் இருந்த எங்களுக்கும் அந்த மேடைத் தமிழ் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. எமது தலைமுறையினருள் பலர் அரசியலைப் படித்ததும் தமிழைப் படித்ததும் அங்கேதான். தமிழ்ச் சொல்லை ஆயுதமாக்கிய அந்தக் கட்சி தனது சொந்த மக்களிடம் எதைச் சொல்வது, எவரை வேட்பாளராக நிறுத்துவது என்பவற்றுக்கு ஒரு வெளியூர் நிறுவனத்தின் ஆலோசனையை விலைக்கு வாங்கியது. எதிரணியான அ.தி.மு.க.வும் சும்மா இருக்கவில்லை. 2016 தேர்தலை ஒட்டி ஸ்டாலினின் ‘நமக்கு நாமே’ பயணத்தை வடிவமைத்த சுனில் கனுகோலுவை அது அமர்த்திக்கொண்டது. ஆக 2021இல் தமிழ்நாட்டின் இரண்டு பெருங் கழகங்களும் வாடகை மூளைகளுடன் மோதின.

அந்த ஏழு உறுதிமொழிகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய். 2021 மே மாதத்தில் ஆட்சி அமைந்தது; திட்டம் தொடங்கியது 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி; அதுவும் வருமானம், நில உடைமை முதலிய வரம்புகளோடு. இரண்டரை ஆண்டுகள் வீட்டு வாசலில் நின்று ‘எப்போது வரும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் வட்டச் செயலாளரும் கிளைச் செயலாளரும். நிறுவனத்தை வழிநடத்தியவர் வாக்கு எண்ணிக்கை நடந்த அன்றே விடைபெற்றுவிட்டார்.

பீகாரில் நடந்தது இதைவிடக் கொடிது. 2015இல் பா.ஜ.க.வுக்கு எதிராக வாக்களிக்குமாறு மக்கள் கேட்கப்பட்டனர், வாக்களித்தனர். வென்ற நிதிஷ் 2016 ஜனவரியில் கிஷோரை அமைச்சரவைத் தரத்தில் தமது ஆலோசகராக நியமித்தார். ஆனால் அவர் அவ்வாண்டே பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் வேறு வாடிக்கையாளர்களுக்காக உழைத்துக்கொண்டிருந்தார். 2017 ஜூலையில் நிதிஷ் ஒரே இரவில் அணி மாறி, மக்கள் எவரைத் தோற்கடித்தார்களோ அந்த பா.ஜ.க.வுடன் ஆட்சி அமைத்தார். கிஷோர் என்ன செய்தார்? 2018 செப்டெம்பரில் அதே நிதிஷின் கட்சியில் சேர்ந்து, அடுத்த மாதமே அதன் துணைத் தலைவரானார். 178 ஆசனங்களைத் தந்த வாக்காளனிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக நான் படிக்கவில்லை.

குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. 2014இல் மோடியின் கட்சி வெளியிட்ட தேர்தல் அறிக்கை, துன்புறுத்தப்பட்ட இந்துக்களுக்கு இந்தியா இயற்கையான தாயகமாக இருக்கும் என்றது. 2019 டிசம்பரில் அச்சட்டம் வந்தபோது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகள் மட்டும் அதில் இடம்பெற்றன. பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் பல்லாயிரம் ஈழத்தமிழ் அகதிகளுக்கு அதில் இடமில்லை. முஸ்லிம்களுக்கும் இடமில்லை. அந்தச் சட்டத்துக்கு நிதிஷின் கட்சி நாடாளுமன்றத்தில் ஆதரவளித்தது. கட்சியின் துணைத் தலைவராக இருந்த கிஷோர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். 2020 ஜனவரி 29ஆம் திகதி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். அந்த 2014 அறிக்கையை எழுதியவர் அவர் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் 2014இல் ஒரு தலைவரை நாட்டின் ஒவ்வொரு தேநீர்க்கடைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு, அந்தத் தலைவர் ஆட்சிக்கு வந்து என்ன செய்வார் என்பது பற்றிய பொறுப்பு சிறிதும் இல்லையா? இல்லை என்பதே இத்தொழிலின் விதி. வாக்குச்சீட்டில் பெயர் இல்லாதவரை மக்கள் தண்டிக்கவும் முடியாது.

இவர்களுக்காக வாதாடுவோர் வழமையாகச் சொல்வது ஒன்றுண்டு. சட்டத்தரணி குற்றவாளிக்காகவும் வாதாடுகிறார், மருத்துவர் கொலையாளிக்கும் மருந்து கொடுக்கிறார்; தேர்தல் ஆலோசகரை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள் என்பர். ஒப்புமை பொருந்தாது. சட்டத்தரணிக்கு முன்னே ஒரு நீதிபதி இருக்கிறார். எதிரே இன்னொரு சட்டத்தரணி இருக்கிறார். சாட்சியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொய்ச்சாட்சியை உருவாக்கினால் அவரது தொழில் உரிமமே போய்விடும். தேர்தல் ஆலோசகருக்கு உரிமமும் இல்லை, ஒழுக்கக் கோவையும் இல்லை. மருத்துவரோ நோயாளியின் உடலைப் பார்க்கிறார். அவன் எதை நம்ப வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதில்லை.

இன்னொரு வாதம், அவர்கள் மக்களின் நாடித்துடிப்பை விஞ்ஞான முறையில் அளக்கிறார்கள் என்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்தல் செய்திகளை எழுதி வந்தவன் என்ற முறையில் இதுபற்றி எனக்கும் சிறிது தெரியும். போர்க்காலத்தில் எமது மக்கள், கேள்வி கேட்பவர் யார் என்று பார்த்துப் பதில் சொல்லப் பழகியிருந்தனர். சீருடை கேட்டால் ஒரு பதில். துவக்கு கேட்டால் ஒரு பதில். நிவாரணப் பட்டியலோடு வருபவருக்கு இன்னொரு பதில். குறிப்புப் புத்தகத்தோடு போன என் போன்றோருக்கும் அவர்கள் ஒரு பதிலை வைத்திருந்தனர். மெய்யான பதில் இரண்டாம் தேநீருக்குப் பின், புத்தகத்தை மூடிய பின்தான் வரும். படிவத்தோடு வாசலில் ஐந்து நிமிடம் நிற்கும் பட்டதாரி இளைஞனுக்கு, சாதியும் பயமும் உதவித்தொகையும் பின்னிப்பிணைந்த ஒரு பீகார்க் கிராமம் எந்தப் பதிலைக் கொடுத்திருக்கும்?

அந்த அளவையின் தரத்தை கிஷோரே உலகுக்குக் காட்டினார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் பா.ஜ.க. ஏறத்தாழ 300 ஆசனங்களைப் பெறும் என்று தொலைக்காட்சிகளில் அடித்துச் சொன்னார். கிடைத்தது 240. கணிப்புத் தவறியதை ஏற்று, இனி ஆசன எண்ணிக்கை கூறுவதில்லை என்றார். அடுத்த ஆண்டே, பீகாரில் நிதிஷின் கட்சிக்கு 25 ஆசனங்களுக்கு மேல் கிடைத்தால் அரசியலை விட்டே விலகுவேன் என்று சூளுரைத்தார். 85 கிடைத்தது. தாம் பிறந்த மாநிலம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராக நடந்த மண். அங்கேயே கணக்கு இவ்வளவு தூரம் பிசகியது.

சூளுரைகளின் கதி இன்னும் சுவையானது. 2020 டிசம்பரில் வங்காளத்தைப் பற்றி ஒரு சபதம் செய்தார். பா.ஜ.க. இரட்டை இலக்கத்தைத் தாண்டினால் இத்தொழிலை விட்டுவிடுவேன் என்றார். பா.ஜ.க. தாண்டவில்லை. அவர் சொன்னபடியே நடந்தது. ஆனாலும் தொழிலை விட்டுவிட்டதாக அறிவித்தார். 2025இல் சொன்னபடி நடக்கவில்லை. ஆனாலும் அரசியலை விடவில்லை. விலகுவதற்கு நான் எந்தப் பதவியில் இருக்கிறேன் என்று நிருபர்களைத் திருப்பிக் கேட்டார். வென்ற சபதத்தில் விலகலும் தோற்ற சபதத்தில் தங்கலும் என்றால், சபதம் என்ற சொல்லுக்கு அகராதியில் வேறு பொருள்தான் தேட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஒரு தேர்தலுக்கு ஆலோசனை வழங்கினால் தமது கட்டணம் 100 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2024இல் பீகார் இடைத்தேர்தல் மேடையொன்றில் அவரே சொன்னார். மூன்று ஆண்டுகளில் 241 கோடி ரூபாய் ஈட்டியதாகவும், அதற்குரிய வரிகளைச் செலுத்தியதாகவும், 98 கோடிக்கு மேல் தமது கட்சிக்கே நன்கொடையாக வழங்கியதாகவும் 2025 செப்டெம்பரில் அறிவித்தார். இதில் சட்டவிரோதம் இருப்பதாக நான் கூறவில்லை. தாமாக முன்வந்து கணக்குச் சொன்னதே இந்திய அரசியலில் அரிய செயல். என் கேள்வி கொடுத்தவர்களைப் பற்றியது. இந்தியச் சட்டப்படி ஒரு சட்டமன்ற வேட்பாளர் பெரிய மாநிலங்களில் 40 இலட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. ஆனால் கட்சி செலவிடுவதற்கு உச்ச வரம்பு எதுவும் இல்லை. 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளிக்கும் வரை, பெயர் வெளியிடாத நன்கொடையாளர்களின் தேர்தல் பத்திரங்கள் கட்சிகளின் பெட்டியை நிரப்பின. யார் கொடுத்தார் என்று தெரியாத பணம் ஒருபுறம் உள்ளே வர, வாக்காளனுக்கு முகம் தெரியாத ஆலோசகர்களிடம் மறுபுறம் போகும் ஓர் அமைப்பில், உறுப்பினர் சந்தாவும் உண்டியல் சில்லறையும் கொடுத்த தொண்டன் யாருக்கு வேண்டியவன்? சுவரொட்டி ஒட்டிய கையைவிட மதிப்பீட்டுப் படிவத்துக்கே கட்சித் தலைமை செவிசாய்க்கும்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கிஷோரின் வாழ்க்கையில் மிக நேர்மையான பகுதி அவர் தோற்ற பகுதிதான். 2022 ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தியின் போராட்டம் கண்ட சம்பாரண் மண்ணிலிருந்து நடக்கத் தொடங்கினார். சாதியைப் பேசாமல் பள்ளிக்கூடத்தைப் பேசினார். பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி வாக்களியுங்கள் என்றார். பிழைப்புக்காகப் பிற மாநிலங்களுக்கு இரயிலேறும் இலட்சக்கணக்கான பீகார் இளைஞர்களைப் பற்றிப் பேசினார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாளில் கட்சி தொடங்கினார். பேசிய பொருள் எல்லாம் உண்மை. ஆனால் மக்கள் அவருக்குத் தரவில்லை. தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னர் பெண்களின் வங்கிக் கணக்கில் அரசு 10,000 ரூபாய் போட்டதே காரணம் என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் முறையிடும் தகுதி அவருக்கு உண்டா? தேர்தலுக்கு முன் எவருக்கு எதைக் கொடுத்தால் வாக்கு விழும் என்று முதலமைச்சர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்ந்த தொழிலல்லவா அது? இதே நிதிஷை ‘ஏழு உறுதிகளின்’ நாயகனாகப் பீகாரின் சுவர்களில் எழுதி வைத்தவர் யார்? எழுதியதை அழிப்பதற்கு மூன்று ஆண்டு நடை போதவில்லை.

வேரில்லாமல் மரம் நிற்கும் என்று பத்து ஆண்டுகள் மற்றவர்களுக்கு விற்றவர், தமக்கென்று ஒரு மரம் நட்டபோதுதான் வேர் பிடிக்க எத்தனை காலம் வேண்டும் என்று அறிந்துகொண்டார். லாலுவின் கட்சி எத்தனை ஊழல் வழக்குகளைச் சந்தித்தபோதும் கிராமத்தில் அதற்கென்று ஒரு திண்ணை இருக்கிறது. நிதிஷின் கட்சிக்கு, சைக்கிள் பெற்றுப் பள்ளிக்கூடம் போன பெண்களின் நினைவு இருக்கிறது. அவை ஒரு தேர்தல் பருவத்தில் வாங்கக்கூடியவை அல்ல.

தோல்விக்குப் பின்னர் காந்தியின் பிதிஹர்வா ஆச்சிரமத்தில் ஒரு நாள் மௌன விரதம் இருந்தார். அவர் மீண்டும் எழக்கூடும். அது அவரது உரிமை. கவலை அவரைப் பற்றியதன்று. அவர் விட்டுச் சென்ற நாற்காலியில் இன்று பலர் அமர்ந்திருக்கிறார்கள். ஏறத்தாழ எல்லாப் பெரிய கட்சிகளும் இத்தகைய நிறுவனங்களை நாடுகின்றன. கிஷோரே 2025 பெப்ரவரியில், வேறொரு மாநிலத்தின் கட்சித் தலைவராக இருந்துகொண்டே, மாமல்லபுரத்தில் நடிகர் விஜயின் தமிழக வெற்றிக் கழக மேடையில் தோன்றினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் எவருடைய வெற்றிக்காக உழைத்தாரோ அவரையே எதிர்த்துத் தொடங்கப்பட்ட கட்சியின் மேடை அது. கூட்டம் கைதட்டியது. பத்திரிகைகள் முதற்பக்கம் கொடுத்தன.

இந்த இடத்தில் எனது தொழிலைச் சேர்ந்தவர்களிடமும் சில வார்த்தைகள். இத்தகைய மனிதர்களைச் சாணக்கியர் ஆக்கியது நாம் இருக்கும் இந்தத் தொழில்தான். நிறுவனம் கசியவிடும் கணிப்பைச் செய்தியாக்குவது எளிது. நூறு கிராமங்களுக்கு நிருபரை அனுப்புவது செலவு. எளிதானதைச் செய்துவிட்டு, பின்னர் மக்கள் மனம் புரியவில்லை என்று தலையங்கம் தீட்டுவதில் பொருளில்லை. இனி ஒரு கட்சி ‘ஆய்வு சொல்கிறது’ என்று வந்தால் மூன்று கேள்விகளையேனும் கேட்போம். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார்? இந்த வாக்குறுதியைக் கட்சியின் எந்தக் குழு, எந்த நாளில் கூடி விவாதித்து ஏற்றது? இதை எழுதிக் கொடுத்தவர் ஐந்து ஆண்டுகளின் பின் மக்களுக்குப் பதில் சொல்ல எங்கே இருப்பார்?

வாசகர்களும் அவற்றைக் கேட்கலாம். கொழும்பிலோ சென்னையிலோ டொரன்டோவிலோ இருந்தாலும், வாக்குக் கேட்டு வருபவரிடம் அவரது சொந்தக் கருத்து என்ன என்று வினவ ஒரு வாக்காளனுக்கு நிறுவனம் எதுவும் தேவையில்லை.